வாக்குத்தத்தப் பெட்டி: ஓராண்டு பாவித்த பின்னர்

சென்ற மார்கழியின் இரண்டாம் கிழமையில், மட்டக்களப்பு நகரிலுள்ள ஒரு சிறிய கிறிஸ்தவப் புத்தகக் கடையில் 1,850 ரூபாய் கொடுத்து வாக்குத்தத்தப் பெட்டி ஒன்றை வாங்கினேன். இரண்டு உள்ளங்கைகளுக்குள் அடங்கும் மரப்பெட்டி அது. மூடியில் சிலுவை செதுக்கியிருக்கிறார்கள். உள்ளே நாளுக்கொன்றாக 365 அட்டைகள் நெருக்கமாக நிற்கின்றன. ஒவ்வோர் அட்டையின் முன்பக்கத்திலும் கடவுளின் வாக்குத்தத்தமாக, அதாவது வாக்குறுதியாக, வேதாகம வசனம் ஒன்றும், பின்பக்கத்தில் அந்த வசனத்தையொட்டிய ஒரு வரி ஜெபமும் அச்சிடப்பட்டுள்ளன. அதைக் கல்லடியிலுள்ள எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் வைத்து, காலைத் தேநீருக்கு முன்னர் ஓர் அட்டை என்ற கணக்கில் ஓராண்டு பாவித்து முடித்துவிட்டேன். மீண்டும் மார்கழி பிறந்து கடைகளில் புதிய பெட்டிகள் அடுக்கப்பட்டிருப்பதால், வாங்க நினைப்பவர்களுக்குப் பயன்படும் என்று இதை எழுதுகிறேன்.

கடவுள் வாக்கு மாறாதவர் என்ற ஒரே செய்தியைச் சொல்வதற்காகவே இந்தப் பொருள் செய்யப்படுகிறது. ஆகவே பலகை எப்படி, அச்சு எப்படி என்பதைவிட, அந்தச் செய்தியை இது எவ்வளவு நேர்மையாகச் சொல்கிறது என்பதை வைத்துத்தான் இதை மதிப்பிட வேண்டும். இருந்தாலும் பலகையையும் அச்சையும் முதலில் முடித்துவிடுகிறேன். மரம் இலேசானது, மெருகு நன்றாக இருக்கிறது, பிணைச்சல் மட்டும் மூன்றாம் மாதத்திலேயே தளர்ந்துவிட்டது. எழுத்து சற்றுச் சிறியது, வயதானவர்கள் கண்ணாடி இல்லாமல் வாசிக்க முடியாது. எங்கள் மாரி மழையை நினைத்து இந்தத் தாளைத் தெரிவுசெய்ததாகத் தெரியவில்லை. தை மாதத்துக்குள் அட்டைகள் ஈரத்தில் ஊதி, ஒன்றை இழுத்தால் நான்கு கூடவே வந்தன. சிறிய துணியில் அரிசி முடிந்து பெட்டிக்குள் வைத்த பிறகு நிலைமை திருந்தியது. பெப்ரவரி 29க்கு அட்டை இல்லை என்பதையும் சொல்லி வைக்கிறேன். நெட்டாண்டு வந்தால் அன்றைக்கு நாமே பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

ஒரு போயா விடுமுறையன்று அட்டைகள் எல்லாவற்றையும் மேசையில் பரப்பி, புத்தகம் புத்தகமாகப் பிரித்துப் பார்த்தேன். சங்கீதத்திலிருந்து 97, ஏசாயாவிலிருந்து 68. இவ்விரண்டும் சேர்ந்தே பெட்டியின் பாதியை நெருங்கிவிடுகின்றன. யோபுவுக்கு இரண்டு, ஓசியாவுக்கு ஒன்று, புலம்பலுக்கு ஒன்று. எரேமியா 29:11 மட்டும் மூன்று முறை வருகிறது. இந்தக் கணக்கைப் பார்த்தவுடனேயே, தொகுத்தவர் எந்த மனநிலையில் வேதாகமத்தைப் புரட்டியிருக்கிறார் என்பது ஓரளவுக்குப் புரிந்துவிடும். ஆறுதலாகத் தொனிக்கும் வாக்கியங்களை அவர் பொறுக்கியிருக்கிறார். அதில் தவறில்லை. ஆனால் தேவனுடைய மாறாத உண்மையைப் பற்றி வேதாகமம் சொல்லும் மிக ஆழமான இடங்கள் பல, அவ்வளவு ஆறுதலாகத் தொனிப்பதில்லை.

மொழிபெயர்ப்பு, நம் சீர்திருத்தச் சபைகளில் வழங்கும் பழைய மொழிபெயர்ப்பே. அதன் நடை எனக்குப் பிரியமானது. ஆனால் அட்டையில் தனித்து நிற்கும்போது அதன் ஒரு முக்கியமான சொல் இளையவர்களுக்கு வழுக்கிவிடுகிறது. "உமது உண்மை பெரிதாயிருக்கிறது" என்ற வரியை ஞாயிறு பாடசாலைப் பிள்ளைகளிடம் காட்டிப் பொருள் கேட்டேன். "கடவுள் பொய் சொல்ல மாட்டார்" என்றார்கள். தப்பில்லை, ஆனால் அந்த வரி சொல்ல வந்தது அவ்வளவு மட்டுமல்ல. பழைய தமிழ் மொழிபெயர்ப்பில் உண்மை என்பது, உண்மையுள்ள ஊழியக்காரன் என்று சொல்லும்போது நாம் கருதுகிற அந்தக் குணம். சொன்ன சொல்லில் நிற்பது, பிடித்த கையை விடாதிருப்பது. கத்தோலிக்கரும் பாவிக்கிற திருவிவிலியம் சில இடங்களில் இதற்கு வாக்குப் பிறழாமை என்ற அழகான தொடரை வைத்திருக்கிறது. எங்கள் சபையில் அதைச் சொன்னால் சிலர் புருவத்தை உயர்த்துவார்கள். ஆனாலும் பிள்ளைகளுக்கு விளங்கவைக்க எனக்கு உதவியது அதுதான்.

எபிரேயத்தில் அந்தச் சொல் எமுனா. அசையாமல் உறுதியாக நிற்பதைக் குறிக்கும் வேரிலிருந்து வருவது. ஆபிரகாம் கர்த்தரை விசுவாசித்தான் என்கிற இடத்தில் வருவதும் அந்த வேர்தான்; நாம் ஜெபத்தின் முடிவில் சொல்லும் ஆமென் என்பதும் அதே வேர்தான். உண்மை, விசுவாசம், ஆமென் என்று தமிழில் மூன்று முகங்களாகப் பிரிந்து நிற்பவை அங்கே ஒரே குடும்பம். யாத்திராகமம் 17ஆம் அதிகாரத்தில் அமலேக்கியரோடு யுத்தம் நடக்கும்போது, களைத்துப்போன மோசேயின் கைகளை ஆரோனும் ஊர் என்பவனும் இரு பக்கத்திலும் தாங்கிப் பிடிக்க, சூரியன் மறையும்வரை அவை "ஒரே நிலையாயிருந்தது" என்று நம் வேதாகமம் சொல்கிறதே, அந்த ஒரே நிலை என்பதும் எமுனாதான். மனிதனுடைய எமுனாவுக்கு இரண்டு பேர் முட்டுக்கொடுக்க வேண்டியிருக்கிறது. தேவனுடைய எமுனாவுக்கு ஒருவரும் வேண்டியதில்லை. இந்த வசனத்துக்கு அட்டை இல்லை. அது வாக்குத்தத்தம் அல்லவே என்று தொகுத்தவர் நினைத்திருப்பார்.

புலம்பலுக்குரிய ஒற்றை அட்டையில் ஓர் அச்சுப்பிழை இருக்கிறது. வசனம் 3:22, 23, அச்சிட்டிருப்பதோ 3:32. இதைக் குறையாகக் குறித்து வைக்கத்தான் வேதாகமத்தைத் திறந்தேன். பிழையாகக் கொடுத்த எண்ணுக்குப் போனால், "அவர் சஞ்சலப்படுத்தினாலும் தமது மிகுந்த கிருபையின்படி இரங்குவார்" என்றிருந்தது. சரியான வசனத்தைத் தேடிப் பின்னோக்கி வாசித்துக்கொண்டே போய், அதிகாரத்தின் தொடக்கத்துக்கே வந்துவிட்டேன். ஓராண்டில் இந்தப் பெட்டியால் எனக்குக் கிடைத்த மிகப் பெரிய நன்மை அந்தப் பிழைதான் என்று சொன்னால் அச்சிட்டவர் கோபிக்கக் கூடாது.

அந்த அதிகாரத்தில் பேசுகிறவன் சாதாரணமாகக் கவலைப்படுகிறவன் அல்லன். கி.மு. 6ஆம் நூற்றாண்டில் பாபிலோனியர் எருசலேமை இடித்து, ஆலயத்தைக் கொளுத்தி, சனங்களைச் சிறைபிடித்துப் போன பிறகு எஞ்சிய சாம்பலில் இருந்து அவன் பேசுகிறான். அவனுக்கு எதிரே நிற்பது பாபிலோன் அல்ல, தேவனே. பதுங்கியிருக்கும் கரடியைப்போல அவர் தனக்கு இருக்கிறார் என்கிறான். கூப்பிட்டுக் கதறினாலும் தன் ஜெபத்துக்கு வழியை அடைத்துப்போட்டார் என்கிறான். கர்த்தருக்குக் காத்திருந்த நம்பிக்கையும் அழிந்துபோயிற்று என்று 18ஆம் வசனத்தில் கையை விரித்துவிடுகிறான். அதற்கு நான்கு வசனங்கள் தள்ளித்தான், "நாம் நிர்மூலமாகாதிருக்கிறது கர்த்தருடைய கிருபையே" என்று அட்டைக்குரிய வரி வருகிறது. நமது அறநெறி வாக்குகள் அகர வரிசையில் அமைந்திருப்பதுபோல இந்தப் பாடலும் எபிரேய எழுத்து வரிசையில் கட்டப்பட்டது. 22 எழுத்துகள், எழுத்துக்கு மூன்று வசனங்கள், ஆக 66. கிருபையையும் காலைதோறும் புதிதாகும் இரக்கங்களையும் சொல்லும் மூன்று வசனங்களும் எட்டாவது எழுத்துக்குரியவை. அதாவது பாடல் அங்கே முடிவதில்லை. அதன் பிறகும் கண்ணீர் இருக்கிறது, கிணற்றுக்குள் தள்ளப்பட்டவனின் குரல் இருக்கிறது. புத்தகத்தின் கடைசி வசனமோ, எங்களை முற்றிலும் வெறுத்துவிடுவீரோ என்ற கேள்வி. பெட்டி நமக்கு எட்டாவது எழுத்தை மட்டும் வெட்டித் தருகிறது.

மல்கியா 3:6க்குரிய அட்டையும் இப்படித்தான். "நான் கர்த்தர் நான் மாறாதவர்" என்பதோடு அச்சு நின்றுவிடுகிறது. வசனம் நிற்பதில்லை: "ஆகையால் யாக்கோபின் புத்திரராகிய நீங்கள் நிர்மூலமாகவில்லை." இங்கும் அதே நிர்மூலம். புலம்பலில் எஞ்சியிருப்பதற்குக் காரணம் கிருபை. மல்கியாவில் எஞ்சியிருப்பதற்குக் காரணம் மாறாமை. அடுத்த வசனமே, உங்கள் பிதாக்களின் நாள் தொடங்கி என் கட்டளைகளைவிட்டு விலகிப்போனீர்கள் என்று குற்றம் சாட்டுகிறது. கூட்டி வாசித்தால், தேவன் மாறாதவர் என்பது மலை அசையாது என்பதுபோன்ற ஒரு தகவலாக இல்லை. அழிந்துபோயிருக்க வேண்டியவர்கள், அழியாமல் இருப்பதைக் கண்டு காரணம் கேட்கும்போது கிடைக்கும் பதிலாக இருக்கிறது. ஆகையால் என்ற அந்த ஒரு சொல்லை வெட்டியதில் முழு நியாயமும் போய்விட்டது. அட்டையில் இடமில்லையென்று சொல்ல முடியாது. கீழே ஒரு ரோசாப்பூ தாராளமாக மலர்ந்திருக்கிறது.

எரேமியா 29:11 மூன்று முறை வருகிறது என்றேன். "நான் உங்கள்பேரில் நினைத்திருக்கிற நினைவுகளை அறிவேன்" என்ற அந்த வசனத்தைப் பரீட்சை எழுதப் போகும் பிள்ளையின் கையிலும், வெளிநாட்டுக்குப் புறப்படும் பெடியனின் பைக்குள்ளும் நாம் திணித்து விடுகிறோம். அது பாபிலோனில் சிறையிருந்த சனத்துக்கு எரேமியா எழுதிய கடிதத்தின் ஒரு பகுதி. அதற்கு முந்தைய வசனத்தில், 70 ஆண்டு நிறைவேறின பின்பே உங்களைத் திரும்பப் பண்ணுவேன் என்று கர்த்தர் சொல்கிறார். கடிதத்தைக் கையில் வாங்கி வாசித்த பெரியவர்களில் மிகப் பெரும்பாலோர் அந்தத் திரும்புதலைக் கண்ணால் கண்டிருக்க முடியாது. வீடுகளைக் கட்டுங்கள், தோட்டங்களை நாட்டுங்கள், உங்களைச் சிறைபிடித்த பட்டணத்தின் சமாதானத்துக்காக விண்ணப்பம்பண்ணுங்கள் என்பதுதான் அவர்களுக்குக் கொடுக்கப்பட்ட அன்றாட வேலை. உங்கள்பேரில் என்ற பன்மையை அட்டையின் பின்பக்கத்து ஜெபம், "என் எதிர்காலத்தைப் பற்றி நீர் நினைத்திருக்கிறீர்" என்று ஒருமையாக்கிவிடுகிறது. ஒரு சனத்துக்குச் சொன்ன சொல் ஓர் ஆளின் எதிர்காலத் திட்டமாகச் சுருங்கிப்போகிறது.

எங்கள் ஊருக்கு இது புதிய பாடமும் அல்ல. மெதடிஸ்த மிஷனரியான வில்லியம் ஓல்ட் 1814ஆம் ஆண்டு மட்டக்களப்புக்கு வந்தார், பாடசாலை தொடங்கினார், அடுத்த ஆண்டே காலமானார். ஓராண்டு தானும் அவர் இங்கே முழுதாக வாழவில்லை. அவர் தொடங்கிய பாடசாலை இன்று மெதடிஸ்த மத்திய கல்லூரியாக இருக்கிறது. அவர் கையில் அந்த நாட்களில் எரேமியா 29:11 அட்டையைக் கொடுத்து, பின்பக்கத்து ஜெபத்தை அவரை வாசிக்கச் சொல்லியிருந்தால் அவருக்கு என்ன தோன்றியிருக்கும் என்று நான் யோசித்ததுண்டு. முன்பக்கத்துப் பன்மையை வாசித்திருந்தால் ஒரு குறையும் இல்லை.

உபாகமம் 28:13 இன்னும் மோசம். கர்த்தர் உன்னை வாலாக்காமல் தலையாக்குவார் என்ற பகுதி பொன்னிற எழுத்தில் இருக்கிறது. கட்டளைகளைக் கைக்கொண்டு நடந்தால் என்று அதே வசனத்தில் உள்ள நிபந்தனை இல்லை. அந்த அதிகாரத்தில் ஆசீர்வாதங்கள் 14 வசனங்களோடு முடிய, சாபங்கள் 15இலிருந்து 68 வரை நீள்கின்றன என்பதை யாரும் அட்டையில் எதிர்பார்க்க மாட்டார்கள். ஆனால் பாதி வசனத்தை முழு வசனம்போல அச்சிடுவது, எடை குறைந்த தராசில் நிறுத்துக் கொடுப்பதற்குச் சமம். கடையில் இதைச் சொன்னேன். அவர்கள் விற்பவர்கள்தானே, சிரித்துவிட்டு, "எல்லாரும் கேட்டு வாங்குற வசனம் அது" என்றார்கள். அதையும் மறுக்க முடியாது.

அட்டை எடுக்கும் பழக்கத்தையே சாடுகிறவர்கள் உண்டு. கிளிச் சாத்திரத்துக்கும் இதற்கும் என்ன வேறுபாடு, கிளி இல்லை என்பதைத் தவிர, என்று எங்கள் உறவினர் ஒருவர் கேட்பார். எனக்கு அவ்வளவு கடுமை இல்லை. 18ஆம் நூற்றாண்டில் ஜேர்மனியின் ஹெர்ன்ஹூத் கிராமத்து மொரேவியர்கள் என்ற சீர்திருத்தச் சபையினர் அன்றாட வசனங்களைச் சீட்டுப் போட்டுத் தெரிவுசெய்து, 1731 முதல் அச்சிட்டும் வந்தார்கள். எங்கள் மெதடிஸ்த சபையைத் தோற்றுவித்த ஜோன் வெஸ்லியே சில வேளைகளில் வேதாகமத்தைக் கண்ட இடத்தில் திறந்து வழிகேட்டவர். ஆனால் பிடிக்காத அட்டை வந்தால் அதைத் திரும்பச் செருகிவிட்டு வேறொன்றை எடுக்கும் வழக்கம் எங்கள் வீட்டிலேயே பங்குனி மாதமளவில் தொடங்கிவிட்டது. அப்போது நாம் கேட்பது தேவனுடைய வாக்கையா, நமது விருப்பத்தின் எதிரொலியையா என்ற கேள்வி எழத்தான் செய்யும். வெஸ்லி 1755இல் தொடங்கிய உடன்படிக்கை ஆராதனையை எங்கள் சபைகள் இன்றும் புத்தாண்டின் தொடக்கத்தில் நடத்துகின்றன. அதில் நாம் அட்டை எடுப்பதில்லை. இனி நான் என்னுடையவன் அல்ல, உம்முடையவன் என்று, உயர்த்தினாலும் தாழ்த்தினாலும் சரி என்று, நாம்தான் வாக்குக் கொடுக்கிறோம். பழைய வருடத்தின் கடைசி இரவில் பெட்டியிலிருந்து அட்டையும், சில நாட்களில் உடன்படிக்கை ஆராதனையுமாக இரண்டும் அடுத்தடுத்து வருவதால், ஒன்று விட்டதை மற்றது நிரப்பிவிடுகிறது. பெட்டியை மட்டும் வைத்திருப்பவர்களுக்கு அந்த வாய்ப்பு இல்லை.

91ஆம் சங்கீதம் ஒன்பது அட்டைகளாக வெட்டப்பட்டிருக்கிறது. பொல்லாப்பு உனக்கு நேரிடாது, வாதை உன் கூடாரத்தை அணுகாது என்று ஒன்று. நான் இதை எழுதுவது மட்டக்களப்பில் இருந்துகொண்டு. ஆழிப்பேரலை வந்த 2004 மார்கழி 26ஆம் திகதி ஞாயிற்றுக்கிழமையாக இருந்தது. நாவலடியிலும் கல்லடிக் கரையிலும் கூடாரங்கள் மட்டுமல்ல, கல்வீடுகளும் போயின. 2019 ஏப்ரல் 21ஆம் திகதி உயிர்த்த ஞாயிறு. சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்ததை இந்த நகரத்தில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. இறந்தவர்களுக்கு விசுவாசம் போதவில்லை என்று சொல்லத் துணிபவர் எவரும் எனக்குத் தெரிந்த சபைகளில் இல்லை. இருந்தால் அவரோடு எனக்குப் பேச்சில்லை. அப்படியானால் இந்த அட்டையை எப்படி வாசிப்பது? மத்தேயு 4ஆம் அதிகாரத்தில், தேவாலயத்து உப்பரிகையின்மேல் இயேசுவை நிறுத்தி, இதே சங்கீதத்தின் இரண்டு வசனங்களைத் தனியே உருவி நீட்டுகிறவன் பிசாசு. கீழே குதியும், எழுதியிருக்கிறதே என்கிறான். உன் தேவனாகிய கர்த்தரைப் பரீட்சை பாராதிருப்பாயாக என்று எழுதியிருக்கிறதே என்று, இன்னொரு வசனத்தை அதன் பக்கத்தில் வைத்து இயேசு பதிலளிக்கிறார். வசனத்துக்குத் துணை இன்னொரு வசனம். இந்தப் பெட்டியின் வடிவமே அந்தத் துணையைப் பிரித்துவிடுகிறது.

ஏசாயா 43:2 பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். "நீ தண்ணீர்களைக் கடக்கும்போது நான் உன்னோடு இருப்பேன்; நீ ஆறுகளைக் கடக்கும்போது அவைகள் உன்மேல் புரளுவதில்லை." வைகாசி மாதத்தில் ஒரு காலை இந்த அட்டை பெரியம்மாவின் கைக்கு வந்தது. அவர் அந்த மார்கழி ஞாயிறுக்கு முன்னர் கரையோரத்தில் குடியிருந்தவர். அன்று போனவர்களைப் பற்றி நான் இங்கே எழுதப் போவதில்லை. அட்டையை வாசித்தார், மேசையில் வைத்தார், மீண்டும் எடுத்தார். "இதத் திரும்பப் பெட்டிக்குள்ள போடமாட்டன் மகள். எறியவும் மாட்டன். மறுகா பாப்பம்" என்றார். தேநீர் ஆறிவிட்டது. நானும் விளக்கம் சொல்ல முயலவில்லை. தண்ணீர் வராது என்று வசனம் சொல்லவில்லை, கடக்கும்போது என்றுதானே சொல்கிறது என்ற பிரசங்கக் குறிப்பு என் மனதில் இருந்தது. அது சரியான குறிப்பும்கூட. அதைச் சொல்லும் இடம் அதுவல்ல. மேலும் புரளுவதில்லை என்ற சொல்லும் அங்கே இருக்கிறதே. புரண்டதைக் கண்டவரிடம் அந்தச் சொல்லை நான் எப்படிக் கடந்து போவேன்?

இரண்டு கிழமைக்குப் பிறகு அந்த அட்டையை அவருடைய வேதாகமத்தில், 77ஆம் சங்கீதத்துக்கு நடுவே கண்டேன். பெட்டியில் இல்லாத சங்கீதம் அது. அதில் பாட்டுக்காரனான ஆசாப் நித்திரையில்லாமல் கிடந்து, "அவருடைய கிருபை முற்றிலும் அற்றுப்போயிற்றோ? வாக்குத்தத்தமானது தலைமுறை தலைமுறைக்கும் ஒழிந்துபோயிற்றோ?" என்று கேட்கிறான். தேவனுடைய வாக்குத்தத்தத்தின்மீதே சந்தேகம் எழுப்பும் பாட்டு, தேவனுடைய சனத்தின் பாட்டுப் புத்தகத்துக்குள்ளேயே இருக்கிறது. ஆலயத்தில் பாடும்படி இராகத்தலைவனிடம் கொடுத்தும் இருக்கிறார்கள். பிறகு ஆசாப், தன் சனம் கடந்துவந்த செங்கடலை நினைக்கிறான். அங்கே வருகிற வரி இது: "உமது வழி கடலிலும், உமது பாதைகள் திரண்ட தண்ணீர்களிலும் இருந்தது, உமது காலடிகள் தெரியப்படாமற்போயிற்று." கடலில் அவர் நடந்தார், ஆனால் காலடி தெரியவில்லை. பெரியம்மா ஏசாயாவைக் கொண்டுபோய் இதற்கு அருகில் வைத்தது, நான் கேட்ட விளக்கங்கள் எல்லாவற்றிலும் பெரியதாக எனக்குப் பட்டது. அவரிடம் அதைப் பற்றி நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

89ஆம் சங்கீதத்திலிருந்து நான்கு அட்டைகள் உண்டு. தேவனுடைய உண்மையைத் திரும்பத் திரும்பப் பாடும் முற்பகுதியிலிருந்து எடுத்தவை. பிற்பகுதியில் பாட்டுக்காரன் தொனி மாறி, தாவீதுக்குச் சத்தியம்பண்ணின உமது பூர்வ கிருபைகள் எங்கே என்று கேட்கிறான். அவனுக்குத் தேவன் உண்மையுள்ளவர் என்ற நினைப்பே இல்லாதிருந்தால் அந்தக் கேள்வியைக் கேட்டிருக்கமாட்டான். கடன்படாதவனிடம் போய் யாரும் பாக்கியைக் கேட்பதில்லை.

பெட்டியின் இன்னொரு குறை, தொகுத்தவரின் குறையல்ல, பெட்டி என்ற வடிவத்தின் குறை. தேவனுடைய வாக்குப் பிறழாமையை வேதாகமம் பெரும்பாலும் கதையாகத்தான் சொல்கிறது. கதையை நறுக்கி அட்டையில் போட முடியாது. ஆதியாகமம் 15இல், பின்னர் ஆபிரகாம் என்று பெயர் பெற்ற ஆபிராம் மிருகங்களைத் துண்டித்து எதிரெதிரே வைக்கிறான். உடன்படிக்கை செய்பவர்கள் அந்தத் துண்டங்களுக்கு நடுவே கடந்துபோவது அந்தக் கால வழக்கம். வாக்கு மீறினால் எனக்கும் இந்தக் கதி என்பது அதன் பொருள். சூரியன் மறைந்து காரிருளானதும், புகைகிற சூளையும் அக்கினி ஜுவாலையும் அந்தத் துண்டங்களின் நடுவே கடந்துபோகின்றன. ஆபிராம் கடந்துபோனதாக எழுதப்படவில்லை. ஒருதரப்பு மட்டும் உறுதிமொழியின் முழுப் பாரத்தையும் ஏற்றுக்கொள்கிறது. கிறிஸ்தவர்கள் சிலுவையைப் பார்க்கும்போது இந்தக் காட்சியை நினைப்பதற்குக் காரணம் உண்டு: வாக்கு மீறியவர்கள் மனிதர்கள், துண்டிக்கப்பட்டவரோ வாக்குக் கொடுத்தவர். மூடியில் செதுக்கிய சிலுவைக்கும் உள்ளேயிருக்கும் அட்டைகளுக்கும் உள்ள தொடர்பை 365 அட்டைகளில் ஒன்றுதான் வெளிப்படையாகச் சொல்கிறது. 2 கொரிந்தியர் 1:20 அது. தேவனுடைய வாக்குத்தத்தங்களெல்லாம் கிறிஸ்துவுக்குள் ஆம் என்றும் ஆமென் என்றும் இருக்கின்றன என்ற வசனம். நான் தொகுத்தவராக இருந்தால் அதைத்தான் முதலாவதாக நிறுத்தியிருப்பேன். அது 211ஆவது இடத்தில், சற்றுச் சாய்ந்த அச்சில் நிற்கிறது.

"நாம் உண்மையில்லாதவர்களாயிருந்தும், அவர் உண்மையுள்ளவராயிருக்கிறார், அவர் தம்மைத்தாம் மறுதலிக்கமாட்டார்" என்ற 2 தீமோத்தேயு 2:13 இல்லவே இல்லை. இந்தப் பொருளில் பெட்டி செய்கிற ஒருவர் இதை எப்படி விட்டார் என்பது எனக்கு விளங்கவில்லை. முதற்பாதி வாங்குபவரைக் குறைசொல்வதுபோல இருக்கிறது என்பதனாலோ என்னவோ. ரோமர் 3:3உம் இல்லை. சிலருடைய அவிசுவாசம் தேவனுடைய உண்மையை அவமாக்குமோ என்று பவுல் கேட்கும் வசனம். கிரேக்கத்தில் அவிசுவாசம், உண்மை என்ற இரண்டும் ஒரே வேரிலிருந்து வந்த எதிர்ச்சொற்கள். மனிதனிடம் இல்லாதது எதுவோ அது அவரிடம் குறையாமல் இருக்கிறது என்று அந்த வாக்கியமே தராசுபோல அமைந்திருக்கிறது.

இத்தனையும் சொன்ன பிறகு, வாங்கலாமா என்று கேட்டால், வாங்கலாம் என்றே சொல்வேன். ஐந்துக்கு மூன்று புள்ளி. இதற்கு முன்னர் எங்கள் வீட்டில் காலையில் வேதாகமம் திறக்கப்பட்டதில்லை. இந்த ஆண்டு பெரும்பாலான நாட்கள் திறக்கப்பட்டது, அதுவும் பல நாட்கள் பெட்டியோடு சண்டைபிடிப்பதற்காக. கடையில் வாங்கும்போது மூடியைத் திறந்து பிணைச்சலை ஆட்டிப் பாருங்கள். மாரிக்குள் ஓர் அரிசி முடிச்சு வையுங்கள். ஒரு பென்சிலையும் பெட்டிக்குப் பக்கத்தில் வையுங்கள். நாங்கள் ஆனி மாதம் முதல் ஒரு பழக்கம் வைத்துக்கொண்டோம். எடுத்த வசனத்துக்கு முன்னும் பின்னும் எதுவரை வாசித்தால் பொருள் முழுமையாகுமோ அந்த எண்களைப் பின்பக்கத்து ஜெபத்தின் கீழே எழுதிவிடுவது. பாதியில் வெட்டிய வசனங்களின் மீதியை ஞாயிறு பாடசாலைப் பிள்ளைகள் எழுதினார்கள். ரோசாப்பூக்களின் மேல் எழுத வேண்டியிருந்தது. பழைய கலியாண அழைப்பிதழ்களை அதே அளவுக்கு வெட்டி, விடுபட்டவற்றில் ஆறை நாங்களே சேர்த்தோம்: ஆதியாகமம் 15:17, சங்கீதம் 77:19, 89:49, புலம்பல் 3:18, ரோமர் 3:3, 2 தீமோத்தேயு 2:13.

அந்தக் கணக்கில் பெட்டிக்குள் இப்போது 371 அட்டைகள் இருக்க வேண்டும். எண்ணினால் 370தான் வரும். மற்றது இன்னும் பெரியம்மாவின் வேதாகமத்தில் இருக்கிறது.